கரட் அடையாளம் தொங்கும் கடை

லாச்சப்பலுக்கு ஒரு தடவையேனும் வராத தமிழ்க் குடும்பம் பாரிசிலோ அதன் சுற்றுப்புறங்களிலோ இருக்கமுடியாது. முருங்கைக்காய், கருவாடு, நல்லெண்ணெய், கலியாணச் சேலை, தலைமயிர் வெட்டு, தாலிக்கொடி எல்லாம் அங்கேதான். ஆனால் எம்மவர் பெரும்பாலும் போபூர் சன்-துனி வீதியில் சாமான் வாங்கிக்கொண்டு அப்படியே மெத்ரோப் படி ஏறிவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஓடுகிற ரூ பிலிப்-து-ஜிராரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இரண்டு வீதிகளையும் ரூ காயும் ரூ பெர்தொனேயும் குறுக்கே இணைக்கின்றன. மரக்கறிப் பையோடு ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

இந்த வீதி பாரிசின் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் இரண்டிலும் கிடக்கிறது. நடுவில் பூல்வார் து லா சப்பல் வெட்டிப்போகிறது. அதன் மேல் இரும்புத் தூண்களில் இரண்டாம் இலக்க மெத்ரோ 1903ஆம் ஆண்டிலிருந்து இரைந்துகொண்டு ஓடுகிறது. மாணிக்க விநாயகர் ஆலயம் 2010இல் ரூ பஜோலுக்கு மாறும்வரை இந்த வீதியில்தான் இருந்தது. முந்தி வந்த ஆட்களுக்கு வீதியின் பெயர் வாயில் வராது, "பழைய கோயில் றோட்டு" என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் தேர்த் திருவிழாவன்று இந்தப் பக்கத்து வீதிகளில் தேங்காய்ச் சிதறலில் சறுக்காமல் நடப்பது கஷ்டம்.

யார் இந்த பிலிப்-து-ஜிரார் என்று எம்மில் எவரும் கேட்டதில்லை. தொழிற்சாலையில் மெஷினோடு நிற்பவர்கள் என்றபடியால் தேடிப் பார்த்தோம். 1775இல் பிறந்த பொறியியலாளர். சணல் போன்ற லினன் நாரை இயந்திரத்தில் நூலாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். 1810ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன், அப்படியொரு மெஷின் செய்பவருக்குப் பத்து இலட்சம் பிராங் பரிசு என்று அறிவித்தார். இவர் செய்தார், பரிசு கிடைக்கவில்லை. கடன்காரராகி, பிறகு ஒஸ்திரியாவுக்கும் போலந்துக்கும் போய்ப் பிழைத்தார். போலந்தில் ஜிரார்டோவ் என்று ஒரு நகரமே அவருடைய பெயரில் இருக்கிறது. வயதுபோய்த் திரும்பி வந்து 1845இல் பாரிசில் கண்ணை மூடினார். சொந்த நாட்டில் காசு கிடைக்காமல் வெளிநாட்டில் வேலை செய்த ஒருவரின் பெயரில் உள்ள வீதியில்தான் நாம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரிகிறோம்.

அதே நெப்போலியன், அதே 1810ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம் இன்னொரு கட்டளையும் போட்டார். புகையிலை வியாபாரம் இனி அரசாங்கத்துக்கு மட்டுமே. (மெஷின் செய்தவனுக்குக் கொடுக்கக் காசில்லை, புகைக்கிறவனிடம் எடுக்க வழியிருந்தது.) அதற்கு முன்னரே 1674இல் கொல்பேர் என்ற மந்திரியார் ஒரு தடவை அந்த உரிமையை அரசுக்கு எடுத்திருந்தார். சில்லறை விற்பனையில் அந்தத் தனியுரிமை இன்றுவரை நீடிக்கிறது. பிரான்சில் புகையிலையைச் சுங்கத் திணைக்களத்தின் அனுமதி பெற்ற கடைக்காரர்தான் விற்கலாம். அந்தக் கடைக்குப் பெயர் 'தபா'. வாசலில் சிவப்பு நிறத்தில் இரண்டு முனையும் கூரான ஒரு விளக்குத் தொங்கும். அதைப் பிரெஞ்சுக்காரர் 'கரொத்', அதாவது கரட் என்கிறார்கள். பழைய காலத்தில் புகையிலையைக் கரட் மாதிரி இறுக்கிச் சுருட்டிக் கட்டி விற்பார்களாம், வாங்கியவர் வீட்டில் துருவிப் பொடியாக்குவாராம். அந்த உருவம்தான் விளக்காகத் தொங்குகிறது.

இந்தக் கரட்டைப் பார்த்ததும் எங்கள் குடும்பங்கள் ஒதுங்கி நடக்கின்றன. சிகரட் கடை, குதிரைப் பந்தயக்காரர் நிற்கும் இடம், மதுபானம் வேறு இருக்கிறது, பெண்பிள்ளைகளோடு போகக்கூடாது என்ற எண்ணம். அந்த எண்ணம் முழுப்பிழை என்று சொல்லமாட்டோம், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறோம். ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் கடையில்லாமல் பிரான்சில் காலம் தள்ளமுடியாது.

1990களில் வந்த அண்ணைமார் சொல்வார்கள்: ரெலிபோன் காட், மாதாந்த 'கார்த் ஒரான்ஜ்' துண்டு, தபால் முத்திரை எல்லாம் தபாவில்தான். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதிப்போட்டு மாதக்கணக்கில் பதிலுக்கு இருந்த காலம். கார்த் ஒரான்ஜ் 2009இல் போய்விட்டது, ரெலிபோன் காட்டையும் இன்று தேடுவாரில்லை. வேறு அலுவல்கள் வந்திருக்கின்றன. வதிவிட அட்டைக்குப் பிரெபெக்சரில் கேட்கிற வரி முத்திரை, 'தாம்ப்ர் பிஸ்கால்', இப்போது ஒட்டுகிற முத்திரையாக இல்லை. 16 இலக்கங்கள் கொண்ட ஒரு எண்தான் முத்திரை. இன்ரர்நெற்றில் வாங்கத் தெரியாதவர்கள் அந்த வசதியுள்ள தபாவில் காசைக் கொடுத்து, எண் அச்சடித்த துண்டை வாங்கலாம். 'தித்ர் து செஜூர்' அலுவலுக்கு என்று சொல்லி, உங்களுடைய கடிதத்தில் உள்ள தொகையைக் காட்டவேண்டும். பாஸ்போட்டுக்கு வேறு, இதற்கு வேறு. துண்டைப் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்துவையுங்கள், அந்தத் தாளில் எழுத்துச் சீக்கிரம் மங்கிப்போகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2020ஆம் ஆண்டிலிருந்து வரி, ஆஸ்பத்திரிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கணக்கு, குற்றப்பணம் ஆகியவற்றைத் தபாவில் கட்டலாம். கணக்குத் தாளில் சதுரமான கியூஆர் குறி இருக்கவேண்டும், கடையிலும் அதற்கான அறிவித்தல் ஒட்டியிருக்கவேண்டும். காசாகக் கட்டினால் 300 யூரோ வரை, மேலதிகக் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்குத் திறக்க இழுபடுகிற குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. சில தபாக்களில் 'நிக்கல்' என்ற கணக்கையே திறக்கலாம், அது 2014இல் தொடங்கியது.

லாச்சப்பல் மெத்ரோவுக்குக் கீழே "மால்பரோ, மால்பரோ" என்று காதுக்குள் சொல்லி விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவுதான், தபாவில் ஒரு பைக்கற் 12 யூரோவுக்கு மேல் போய்விட்டது. ஆனால் அது சட்டவிரோத வியாபாரம். பொலிஸ் வளைக்கும்போது விற்கிறவன் ஓடிவிடுவான், பக்கத்தில் பைக்கற்றோடு நிற்பது எங்கள் பெடியன். கேஸ் முடியாமல் றெசெப்பிசேயோடு திரிகிறவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இனி நாம் போன கடை. வீதியிலிருந்து சில அடி தள்ளி ஒரு மூலையில் இருக்கிறது. பெயர் எழுதப்போவதில்லை, இந்தப் பகுதியில் உள்ள தபாக்கள் பலவும் ஏறக்குறைய ஒரே அச்சு. நாம் நான்கு பேர், ஒரே தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிறவர்கள். எங்களோடு ஒரு ஐயா. எங்களில் ஒருவருடைய மாமனார், கொக்குவில் பக்கத்து ஆள், இங்கே வந்து இரண்டு வருடம். காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பின்னேரம்வரை யன்னலோடு இருப்பார். பாஷை இல்லை, மெத்ரோவில் தனியே ஏறமாட்டார். ஊரில் பதின்மூன்று வயதில் சுருட்டுக் கொட்டிலுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் சுருட்டுச் சுற்றியவர். ஒரு சனிக்கிழமை லாச்சப்பலில் நடக்கும்போது கேட்டார், "தம்பியவை, இவ்வளவு பெரிய பட்டினத்தில ஒரு சுருட்டுக்கடை இல்லையோ?"

பாரிசில் பெரிய சுருட்டுக் கடைகள் இல்லாமலில்லை. பலே றுவயால் பக்கம், கொமெடி பிரான்செஸ் நாடக மண்டபத்துக்கு எதிரில் 'அ லா சிவெத்' என்று ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பெயர்போனது. பணக்காரர் தோல் கதிரையில் சாய்ந்திருந்து சுருட்டுப் பிடிக்கிற தனி அறைகளும் நகரத்தில் உண்டு. அவற்றுக்கும் சட்டம் கடுமை. 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கட்டளைப்படி புகைக்கும் அறை 35 சதுர மீற்றருக்கு மேல் போகக்கூடாது, கதவு தானாக மூடவேண்டும், உள்ளே எவரும் பரிமாறக்கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர் நுழையக்கூடாது. அதாவது எவ்வளவு காசுக்காரராக இருந்தாலும் தன் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான். அது எமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். ஆனால் ஐயாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயெல்லாம் போகவில்லை. கரட் தொங்குகிற எங்கள் மூலைக்கே போனோம்.

உள்ளே போனதும் முதலில் சத்தம். கோப்பி மெஷினில் பழைய தூளைத் தட்டிக் கொட்டுகிற சத்தம், மேலே ரெலிவிஷனில் குதிரை ஓடுகிற சத்தம், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மெத்ரோ. நிலத்தில் சுரண்டிப் போட்ட லொத்தர்த் துண்டுகள். வலப்பக்கம் சிகரட் அலுமாரி. 2017இலிருந்து எல்லாப் பைக்கற்றும் ஒரே அழுக்குப் பச்சை நிறம், பெரிதாக நோய்ப் படம். இடப்பக்கம் நீளமான கொந்துவார், அதாவது நின்று குடிக்கிற மேசை. சுருட்டுக் கடை என்று வந்த ஐயா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "மணமே இல்லை" என்றார். 1991இல் எவன் சட்டம் வந்தது, ஆனால் கபேக்களுக்குள் புகைப்பது 2008ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிதான் முற்றாக நின்றது. அதற்கு முந்தி வந்தவர்கள் சொல்வார்கள், உள்ளே நிற்பவர் முகம் தெரியாதாம்.

வரிசையில் எமக்கு முன்னால் நின்றவர், பாஷையைப் பார்த்தால் எம்மைப்போல எங்கோ தூரத்து நாட்டுக்காரர், நேரே சிகரட்டின் பெயரைச் சொன்னார். கல்லாவில் நின்ற சீன அம்மா தலையை நிமிர்த்தி, "போன்ஜூர், மெசியு" என்றா. அவர் மறுபடியும் சிகரட்டின் பெயர். அம்மா மறுபடியும் "போன்ஜூர்." மூன்றாம் முறை அவருக்கு விளங்கியது. இதைப் பலர் நிறவெறி என்று கோபிக்கிறார்கள். நிறவெறி உள்ள இடம் வேறு, அதை எமக்குத் தெரியும். இது அதுவல்ல. இங்கே போன்ஜூர் சொல்லாமல் அலுவல் கேட்பது, எங்கள் ஊரில் படலையைத் தட்டாமல் நேரே குசினிக்குள் போவதைப் போல. வெள்ளைக்காரருக்கும் அந்த அம்மா அதையேதான் செய்கிறா.

சுருட்டு இருக்கிறதா என்று கேட்டோம். கியூபா, டொமினிக்கன், நிக்கராகுவா என்று கொஞ்சம், ஈரப்பதன் காக்கிற ஒரு சின்ன மரப்பெட்டியில் இருந்தன. பேரத்துக்கு இடமில்லை. பிரான்சில் புகையிலைச் சாமானுக்கு அரசாங்கம் அங்கீகரித்த விலைதான், எல்லாத் தபாவிலும் ஒரே விலை. ஐயா பெட்டியைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றை எடுத்தார், காதடியில் பிடித்துப் பெருவிரலால் மெல்ல அமத்தினார், முகர்ந்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். எமக்குப் பயம். சாமானைத் தொட்டால் இங்கே முகம் சுளிப்பார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. ஐந்தாவதை எடுத்து, "இது பரவாயில்லை, மற்றதுகள் காய்ஞ்சு போச்சு" என்றார். அதை மொழிபெயர்க்கலாமா என்று நாம் ஆளையாள் பார்க்க, அம்மா சிரித்துக்கொண்டு, "உங்களுடைய அப்பாவுக்கு வேலை தெரியும்" என்று பிரெஞ்சில் சொன்னா. நாமும் அவரை அப்பா இல்லை என்று சொல்லப் போகவில்லை.

விலையைக் கேட்டதும் ஐயாவுக்குத் தலை சுற்றியது. ஒரு சுருட்டுக்கு எங்களுடைய ஒரு மணித்தியாலச் சம்பளம் கிட்டத்தட்டப் போயிற்று. "இந்தக் காசுக்கு ஊரில ஒரு கட்டுச் சுருட்டோட ஒரு மூட்டை அரிசியும் வாங்கலாம்" என்றார். அவருடைய கணக்கு 1980ஆம் ஆண்டுக் கணக்கு.

உள்ளே பத்தமுடியாது, ஆகவே வெளியே வீதியோரத்துக் கதிரைகளுக்கு வந்தோம். இங்கே புதியவர்கள் அறியவேண்டியது: ஒரே கோப்பிக்கு இரண்டு விலை. நாம் போன அன்று கொந்துவாரில் நின்று குடித்தால் 1 யூரோ 40, மேசையில் இருந்தால் 2 யூரோ 60. விலைப்பட்டியல் சுவரில் இருக்கும், இருக்கவேண்டும் என்பது சட்டம். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. பரிமாறுகிறவரின் கூலி அந்த விலைக்குள் அடக்கம், மேலே சில்லறை வைப்பது உங்கள் விருப்பம்.

சேவையைப் பற்றிச் சொன்னால், பரிமாறுகிற ஆள் வருவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. கையைக் காட்டிக் கூப்பிட்டால் இன்னும் பிந்தும், கண்ணைப் பார்த்து "சில்வுபிளே" என்றால் வருகிறார். கோப்பி கால் கோப்பைதான், கசாயம் மாதிரி. தண்ணீர் கேட்டால் கிளாசில் காசில்லாமல் தந்தார். ஆனால் ஐந்து கோப்பிக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம், ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை, மேசையைத் துடைக்கிற சாட்டில் வந்து நிற்கவுமில்லை. இதை எங்கள் தேத்தண்ணிக் கடைகளோடு ஒப்பிடாமல் இருக்கமுடியவில்லை. வடை சூடு, பால்தேத்தண்ணி நாக்குக்கு இதம், விலையும் குறைவு. ஆனால் கடைசி மிடறு உள்ளே போகமுதல் கோப்பையை எடுத்துவிடுவார்கள், அடுத்த ஆள் பின்னால் நின்று கதிரையைப் பிடிப்பார். இந்தக் கபேயில் வாங்குவது கோப்பி அல்ல, இருக்கிற இடம். கழிவறை மட்டும் நிலத்துக்குக் கீழே, படி செங்குத்து, வயதுபோனவர்களுக்குச் சரிவராது, மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறோம்.

ஐயா சுருட்டைப் பத்தினார். இரண்டு இழுவை இழுத்துவிட்டுச் சொன்னார், "இலை நல்ல இலை. சுற்றினவன் கெட்டிக்காரன். ஆனால் கோடா இல்லை." கோடா என்பது யாழ்ப்பாணச் சுருட்டுப் புகையிலைக்குப் போடுகிற பாணி. பனங்கட்டி முதலியவற்றைக் காய்ச்சி ஊறவைத்துத் தெளிப்பார்கள், ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கைமருந்து, வெளியே சொல்லமாட்டார்கள். புகையிலையையும் பொச்சுமட்டை, ஊமல் போட்டுப் புகையூட்டிப் பதப்படுத்துவார்கள். அந்தக் காரம் இல்லாத சுருட்டு அவருக்குச் சுருட்டாகத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர் கதைத்தார். இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு கதைத்து நாம் கேட்டதில்லை. கொட்டிலில் வரிசையாகப் பலகையை மடியில் வைத்து இருப்பார்களாம், கூலி ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. நடுவில் ஒருவர் இருந்து ஈழநாடும் வீரகேசரியும் உரத்து வாசிப்பார், வாசிக்கிறவருடைய பங்குச் சுருட்டை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். தொடர்கதை வருகிற நாளில் ஒருவரும் இருமவும் மாட்டார்களாம். "நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் எனக்கு வியட்நாம் சண்டை எல்லாம் தெரியும்" என்றார். கியூபாவிலும் 1865ஆம் ஆண்டிலிருந்து ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் இப்படி வாசிப்பவர்கள் இருந்தார்கள், தொழிலாளரே காசு சேர்த்துக் கொடுத்தார்கள் என்று எங்களில் ஒருவர் படித்திருந்தார். கேரளத்தில் பீடி சுற்றுகிறவர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஐயா ஆச்சரியப்படவில்லை. "கை வேலையில இருந்தால் காது சும்மாதானே இருக்கும்" என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் காதுக்கும் மூடி போட்டுத்தான் வேலை.

அந்தச் சுருட்டெல்லாம் எங்கே போனது என்று கேட்டோம். யாழ்ப்பாணத்து வாய்ப்புகையிலை ஒரு காலத்தில் கடல்கடந்து திருவிதாங்கூருக்குப் போனது, சுருட்டு தெற்கே சிங்கள ஊர்களுக்குப் போனது. காலி, மாத்தறை, கண்டி என்று எம்மவர் சுருட்டுக்கடை வைத்திருந்தார்கள். 1958 கலவரத்தில் அடிபட்டு மறுபடி திறந்தவர்கள், 1983இல் எரிந்தபிறகு பலர் திரும்பிப் போகவில்லை. கடைகள் போக, கொட்டில்களும் மெல்ல மெல்ல ஆளில்லாமல் போயின. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு 'ஷெரூட்' என்றொரு சொல் இருக்கிறது, அது எங்கள் சுருட்டிலிருந்து போன சொல்தான். திருச்சி உறையூர்ச் சுருட்டு இங்கிலாந்துக்கே போய், 1887இல் வந்த முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனின் சுருட்டுச் சாம்பலாகவும் இடம்பிடித்தது. நிக்கொட்டின் என்ற நஞ்சுக்குப் பெயர் கொடுத்தவரோ பிரெஞ்சுக்காரர். 1560 அளவில் லிஸ்பனில் இராஜதூதராக இருந்து பிரெஞ்சு அரண்மனைக்குப் புகையிலை அனுப்பிய ஜோன் நிக்கோ.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஐயா மேசையில் கிடந்த கடதாசித் துடைப்பான் ஒன்றை எடுத்தார். இரண்டாகக் கிழித்து, ஒன்றைக் கசக்கி உள்ளே வைத்து, மற்றதைச் சாய்வாகப் பிடித்து உருட்டினார். ஐந்து விநாடி இருக்காது. முனை கூராகி, நடு பருத்து, கடையில் வாங்கியதைவிடத் திறமான ஒரு சுருட்டு மேசையில் கிடந்தது. கோப்பை எடுக்க வந்த ஆள் நின்றுவிட்டார். இன்னொன்று செய்யச் சொல்லிக் கையால் காட்டினார். ஐயா ஆறு செய்தார். அந்த ஆள் அதில் இரண்டை உள்ளே கொண்டுபோய்ச் சீன அம்மாவுக்குக் காட்டினதை யன்னலூடாகக் கண்டோம்.

சுருட்டைப் பாதியில் நூர்த்துவிட்டார். நெஞ்சு இழுக்கிறது, டொக்டர் விடச் சொல்லியிருக்கிறார், மகள் மணத்தைப் பிடித்துவிடுவா என்ற மூன்று காரணங்களையும் ஒன்றாகச் சொன்னார். கொட்டிலில் தன்னோடு இருந்தவர்களில் பலர் இருமி இருமித்தான் போனார்கள் என்றும் சொன்னார். விட விரும்புகிறவர்களுக்கு 39 89 என்ற ரெலிபோன் இலக்கம் இருக்கிறது, அரசாங்கத்தின் உதவி.

இந்தக் கடைகளின் சொந்தக்காரர் மாறி மாறி வந்த கதையும் கவனிக்கவேண்டியது. முந்தி பாரிசின் கபேக்களை வைத்திருந்தவர்கள் ஓவெர்ஞ் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சுக்காரர். நிலக்கரியும் வைனும் ஒன்றாக விற்றவர்கள், பாரிஸ்காரரின் கேலிக்கு ஆளானவர்கள். பிறகு அல்ஜீரியாவின் கபில் மக்கள். இப்போது பாரிஸ் பகுதித் தபாக்களில் கணிசமானவை சீனக் குடும்பங்களிடம். எம்மவர் ஏன் இல்லை என்று கேட்டால் ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. தபா நடத்தப் பிரெஞ்சு அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமை வேண்டும், சுங்கத்தோடு ஒப்பந்தம் எழுதவேண்டும், பயிற்சியும் எடுக்கவேண்டும். அகதி அட்டையோடு முடியாது. குடியுரிமை எடுத்த தமிழர் இப்போது நிறையப்பேர் இருக்கிறார்கள், விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூட மனமும் இருக்கிறது. ஆனால் முதல் பெரிது. சீனர் குடும்பமாகக் காசு சேர்த்து எடுக்கிறார்கள். நாங்களும் சீட்டுப் பிடிக்கிறோம், அது கலியாண மண்டபத்துக்கும் காருக்கும் போகிறது. நாம் இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இனி மேலே சொல்லாமல் விட்டது. கொந்துவாரின் கடைசி மூலையில், ரெலிவிஷனுக்குக் கீழே, எம்மவர் நிற்கிறார்கள். குதிரைப் பந்தயத் துண்டும் சுரண்டுகிற லொத்தரும். இரண்டு யூரோ, ஐந்து யூரோ, பத்து யூரோ. எங்கள் தொழிற்சாலையில் ஒருவர், பெயர் எதற்கு, சம்பளம் விழுந்த அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தபாவில் இறங்குவார். முதலில் ஐந்து யூரோ வென்றார். வென்றதுதான் கேடு. பிறகு வீட்டு வாடகை மூன்று மாதம் பிந்தி, மனைவி தாலிக்கொடியைக் கொண்டுபோய் வைத்தபிறகுதான் எமக்கே தெரியவந்தது. அந்தப் பிள்ளை ரூ காயில் பொடியனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கடைக்குள் போக வெட்கப்பட்டு, புருஷன் வெளியே வரும்வரை மழைக்குள் நின்றதை நாம் கண்டோம். உள்ளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு மாதம் சம்பளத்தை மனைவியின் கணக்குக்கு மாற்றச் செய்தோம், இப்போது ஓரளவு நிமிர்ந்திருக்கிறார்கள். வேறு குடும்பங்களில் இப்படி இருந்தால் 09 74 75 13 13 என்ற இலக்கத்தில் சூதாட்டத்துக்கான உதவி கிடைக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டால் கதைத்துத் தர வெளியே ஒருவரைப் பிடியுங்கள், வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய கதையும் அல்ல. எமிலி ஸோலா 1877இல் புத்தகமாக வெளியிட்ட 'லசொம்வார்' நாவல் இங்கேயிருந்து நடைதூரத்தில், கூத் தோர் பக்கத்தில் நடக்கிறது. ஜேர்வேஸ் என்ற சலவைத் தொழிலாளியும் கூரை வேலைக்காரப் புருஷனும், கூலி முழுவதும் ஒரு கொந்துவாரில் கரைந்துபோகிற கதை. அங்கே சாராயம், இங்கே லொத்தர். (பூல்வாரில் மெத்ரோவடியில் பூப் து நோர் என்று ஒரு பழைய நாடக மண்டபம் இருக்கிறதே, அங்கே பீற்றர் புறூக் 1985இல் மகாபாரதத்தை ஒன்பது மணித்தியாலத்துக்குப் போட்டார். எங்கள் ஆட்கள் முதன்முதலாக லாச்சப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். தருமர் தாயம் உருட்டியதை வெள்ளைக்காரர் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.)

ஆகவே பெண்கள் அங்கே போகக்கூடாதா என்றால், நாம் போகச்சொல்லித்தான் எழுதுகிறோம். அந்த மூலையில் நிற்கிற ஆண்கள் பார்க்கிறார்கள் என்று பெண்கள் வாசலில் நிற்க, முத்திரையும் கணக்கும் புருஷனிடம் காசாகப் போக, காசு மூலைக்குப் போகிறது. போன மாதம் எங்கள் கட்டடத்து அக்கா ஒருவர் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கணக்கோடு அந்தச் சீன அம்மாவிடம் தானே போனா. துணைக்கு வந்த எங்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டா. பதினெட்டு யூரோ சொச்சம். போன்ஜூர் சொன்னா, தாளை நீட்டினா, அம்மா குறியைக் காட்டிப் பிடித்துக் காசை எண்ணி எடுத்து, பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தா. மூன்று நிமிட வேலை. அக்கா உடனே வெளியே வரவில்லை. கொந்துவாருக்குப் போய் "அன் கபே, சில்வுபிளே" என்று கேட்டு, நின்றபடி சீனி இரண்டு போட்டுக் குடித்து, 1 யூரோ 40ஐ எண்ணி வைத்துவிட்டுத்தான் வந்தா. கசப்பு என்றா. அடுத்த மாதக் கணக்கு 5ஆம் திகதிக்கு முதல் கட்டவேண்டும், அதையும் தானே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறா.